தாயிப் ரோஜா அத்தர்

தாயிப் ரோஜா அத்தர் என்பது சவூதி அரேபியாவின் மேற்குப் பகுதியிலுள்ள தாயிப் நகரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் விளையும் டமாஸ்கஸ் ரோஜாப் பூக்களை நீருடன் காய்ச்சி வடித்துப் பெறப்படும் நறுமண எண்ணெய் ஆகும். உலகில் மிகுந்த விலைக்கு விற்கப்படும் இயற்கை நறுமணப் பொருட்களுள் இதுவும் ஒன்று. அரபு மக்கள் இதனைத் தனியாகவும், அகில், சந்தனம், கஸ்தூரி, குங்குமப்பூ முதலியவற்றுடன் கலந்தும் பூசிக்கொள்கின்றனர். 2000களுக்குப் பின் ஐரோப்பிய நறுமண நிறுவனங்களும் வளைகுடா நிறுவனங்களும் இம்மணத்தை அடிப்படையாகக் கொண்டு, இனிப்பு மணம் மேலோங்கிய புதிய கலவைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்துள்ளன. தாயிப் ரோஜா தொடர்பான பண்பாட்டு வழக்கங்கள் 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பெயர்

அத்தர் என்ற சொல் நறுமணம் எனப் பொருள்படும் "இத்ர்" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பாரசீகம், உருது வழியாக இது இந்திய மொழிகளில் பரவியது. அரபு மொழியில் ரோஜாவுக்கு "வர்த்" என்று பெயர். பாரசீகத்தில் "குல்" என்பது பூவையும், சிறப்பாக ரோஜாவையும் குறிக்கும். "ஆப்" என்பது நீர். இரண்டும் சேர்ந்து உருவான "குலாப்" முதலில் ரோஜா வடிநீரையே குறித்தது. பின்னர் இந்தியாவில் அது பூவின் பெயராகவே மாறிவிட்டது. ரோஜா நீர் கலந்த சர்க்கரைப் பாகில் ஊறும் குலாப் ஜாமூனுக்கும் பெயர் வந்தது இவ்வழியே.

தமிழில் இவ்வடிநீர் பன்னீர் எனப்படுகிறது. திருமண வீடுகளில் பன்னீர்ச் சொம்பு கொண்டு விருந்தினர் மீது தெளிக்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. நீள்கழுத்தும் துளையிட்ட மூடியும் கொண்ட அச்சொம்பின் வடிவம் மேற்காசியாவிலும் வழங்குவதே. எனினும் பன்னீரும் அத்தரும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பன்னீர் என்பது வடிந்த நீர். அத்தர் என்பது அந்நீரின் மேல் மிதக்கும் எண்ணெய்.

செடியும் நிலமும்

தாயிப் நகரம் மக்காவுக்குக் கிழக்கே, சரவாத் மலைத்தொடரில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மக்காவில் கோடை வெப்பம் தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போது இங்கு காற்று குளிர்ந்திருக்கும். ஆகவே நெடுங்காலமாகவே ஹிஜாஸ் பகுதியினரின் கோடை வாசத்தலமாக இருந்துவருகிறது. ரோஜாத் தோட்டங்கள் நகருக்குள்ளே இருப்பதைவிட அல்-ஹதா, அஷ்-ஷஃபா ஆகிய மலைப்பகுதிகளிலும் வாதி மஹ்ரம் பள்ளத்தாக்கிலும் மிகுதியாக உள்ளன. திராட்சை, மாதுளை, அத்தி ஆகியனவும் இங்கு பெயர்பெற்றவை.

இங்கு பயிராவது டமாஸ்கஸ் ரோஜாவின் ஒரு வகை. தாவரவியலில் இதற்கு "டிரைஜின்டிபெட்டலா", அதாவது முப்பது இதழ் கொண்டது, என்ற அடைமொழி உண்டு. இளஞ்சிவப்பு நிறமும் சிறிய அளவும் கொண்ட இப்பூவைக் கடைகளில் விற்கும் நீள்காம்பு ரோஜாவுடன் ஒப்பிட்டால் ஏமாற்றமாகவே இருக்கும். பூங்கொத்துக்காக வளர்க்கப்படும் ரோஜாக்கள் பல நாட்கள் வாடாதிருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றுள் பலவற்றில் மணம் குறைவு. எண்ணெய்க்கான ரோஜாவோ பறித்த அன்றே வாடத் தொடங்கிவிடும்.

குளிர்காலத்தில் செடிகள் கத்தரிக்கப்படுகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஏறத்தாழ நாற்பது நாட்களுக்கு மட்டுமே பூக்கும். ஓர் ஆண்டின் வருமானம் முழுவதும் இந்த நாற்பது நாட்களைச் சார்ந்தது. குளிர்காலம் போதிய அளவு குளிராமற் போனாலோ, பூக்கும் பருவத்தில் திடீர் வெப்பமோ ஆலங்கட்டி மழையோ வந்தாலோ ஈடுசெய்ய வேறு பருவம் இல்லை. சவூதி அரசுத் தரப்புச் செய்திகள் தாயிப் பகுதியில் ஏறத்தாழ 900 தோட்டங்கள் உள்ளதாகவும், ஆண்டுக்கு ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட பூக்கள் கிடைப்பதாகவும் கூறுகின்றன.

தோற்றம் பற்றிய கருத்துகள்

இச்செடி தாயிபுக்கு எப்போது, எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. உதுமானியப் பேரரசு 1517 முதல் ஹிஜாஸ் பகுதியைத் தன் ஆட்சியின்கீழ் வைத்திருந்தது. இன்றைய பல்கேரியாவின் கசன்லக் ரோஜாப் பள்ளத்தாக்கும் அப்போது அதே பேரரசில் இருந்தமையால், துருக்கியர் அங்கிருந்து கொண்டுவந்தனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பாரசீகத்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ பயணிகள் வழியாக வந்தது என்போரும் உளர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பயணி யோஹான் லூட்விக் புர்க்ஹார்ட் 1814இல் தாயிபுக்கு வந்தபோது அதன் தோட்டங்கள் ரோஜாவுக்குப் பெயர்பெற்றிருந்ததையும், பூக்கள் ஹிஜாஸ் முழுவதும் அனுப்பப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். எனவே அதற்கு முன்பே இப்பயிர் இங்கு வேரூன்றியிருந்தது என்பது மட்டும் உறுதி.

டமாஸ்கஸ் ரோஜாவின் மூலம் பற்றி மரபணுவியல் தெளிவான விடை தந்துள்ளது. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, இது மூன்று வகை ரோஜாக்கள் கலந்து பிறந்தது. அவை கஸ்தூரி ரோஜா, காலிக்க ரோஜா, மத்திய ஆசியாவில் வளரும் ஃபெட்சென்கோ ரோஜா என்பன. மூன்றாவது இனம் மத்திய ஆசியாவுக்குரியதாதலால், இந்தக் கலப்பு டமாஸ்கஸில் அன்றி அதற்குக் கிழக்கே எங்கோ நிகழ்ந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. பெயரைக் கொண்டு ஊரைத் தீர்மானிப்பதில் உள்ள இடர் இதுவே. இச்செடி பெரும்பாலும் பதியன், தண்டு வழியாகவே பெருக்கப்படுவதால் பல்கேரியா, துருக்கி போன்ற நாடுகளின் எண்ணெய் ரோஜாக்கள் ஏறக்குறைய ஒரே மரபணு அமைப்பைக் கொண்டுள்ளன. ஈரானில் மட்டும் வேறுபாடுகள் மிகுதி.

அரபு மரபில் ரோஜா வடிப்பு

ரோஜா நீரை வடித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் இப்னு சீனா (980–1037) என்று பல நூல்களில் எழுதப்படுகிறது. இது சரியன்று. அவருக்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி நறுமண வேதியியலையும் வடிப்பையும் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் கொண்ட அந்நூலில் அரிய பொருட்களுக்கு மாற்றாகப் போலிப் பொருட்களைத் தயாரிக்கும் குறிப்புகளும் உள்ளன. நறுமணத் தொழிலில் கலப்படம் எவ்வளவு பழமையானது என்பதற்கு இது சான்று. பாரசீகத்தின் ஃபார்ஸ் மாகாணம் அப்பாசியக் கலீபாக்களுக்கு ஆண்டுதோறும் 30,000 குப்பி ரோஜா நீரைத் திறையாகச் செலுத்தியது என்று வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் குறித்துள்ளார்.

அக்காலத்தில் பேசப்பட்டது பெரும்பாலும் ரோஜா நீரே. எண்ணெய் தனியாகப் பிரிக்கப்பட்டது பற்றிய புகழ்பெற்ற பதிவு முகலாயப் பேரரசிலிருந்து கிடைக்கிறது. பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில், அரசி நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம் சூடான ரோஜா நீரின் மேல் படிந்த எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேகரித்தார் என்றும், அதற்கு "இத்ரே ஜஹாங்கீரி" எனப் பெயரிடப்பட்டது என்றும் எழுதியுள்ளார். இக்கண்டுபிடிப்பை நூர்ஜஹானுக்கே உரித்தாக்கும் கதை பிற்காலத்தது.

உற்பத்தி முறை

பூக்கள் விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் கையால் பறிக்கப்படுகின்றன. வெயில் ஏற ஏற இதழ்களிலிருந்து எண்ணெய் ஆவியாகிக் குறைந்துவிடும். பறிக்கும் வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் ஈடுபடுகின்றனர். பறித்த பூக்கள் எடையிடப்பட்டோ எண்ணப்பட்டோ அன்று காலையே வடிசாலையைச் சேர வேண்டும். குவியலாகக் கிடந்தால் புளிக்கத் தொடங்கும்.

வடிசாலையில் ஈயம் பூசிய பெரிய செப்புப் பானைகள் வரிசையாக இருக்கும. ஒரு பானையில் பத்தாயிரம் பூக்களும் அதற்கு மேலும் இட்டு, நீர் ஊற்றி, மூடியைக் காற்றுப் புகாதபடி அடைத்துச் சூடேற்றுவர். முன்பு விறகு எரிக்கப்பட்டது. இப்போது எரிவாயுவே பரவலாகப் பயன்படுகிறது. மூடியிலிருந்து புறப்படும் குழாய் குளிர்நீர்த் தொட்டி வழியாகச் சென்று நீள்கழுத்துக் கண்ணாடிக் குடுவையில் முடிகிறது. தொட்டியில் ஆவி குளிர்ந்து நீராகிக் குடுவையில் சேரும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ரோஜா எண்ணெயின் முதன்மைக் கூறான சிட்ரோனெல்லாலின் கொதிநிலை 220 பாகை செல்சியசுக்கும் மேல். அவ்வாறிருக்க, கொதிநீரின் வெப்பத்தில் அது எவ்வாறு ஆவியாகிறது? ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களைச் சேர்த்துச் சூடாக்கும்போது, இரண்டின் ஆவி அழுத்தங்களும் கூட்டப்படுகின்றன. அக்கூட்டுத்தொகை வளியழுத்தத்தை எட்டியவுடன் கலவை கொதிக்கத் தொடங்கிவிடும். இதனால் எண்ணெய் தன் கொதிநிலையை நெருங்காமலேயே நீராவியுடன் சேர்ந்து வெளியேறுகிறது. தாயிபின் உயரத்தில் வளியழுத்தம் குறைவு என்பதால் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். வெப்பத்தால் சிதையக்கூடிய மணப்பொருட்களுக்கு இது ஓரளவு நன்மையே.

முதலில் வடியும் அடர்ந்த நீர் "அரூஸ்", அதாவது மணமகள், எனப்படுகிறது. அடுத்தடுத்து வடியும் நீரின் மணம் படிப்படியாகக் குறையும். அடர்ந்த வடிநீரைப் புதிய பூக்களுடன் மீண்டும் பானையில் ஊற்றிக் காய்ச்சுவதும் உண்டு. நீரில் கரைந்து நின்ற எண்ணெயையும் வெளிக்கொணர்வதே இதன் நோக்கம். குடுவையின் கழுத்தில் மெல்லிய மஞ்சள் படலமாக மிதக்கும் எண்ணெய் ஊசிக்குழல் கொண்டு உறிஞ்சி எடுக்கப்படுகிறது.

அரபுச் சந்தைகளில் அத்தர் இன்றும் தோலா கணக்கில் விற்கப்படுகிறது. பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாயின் எடையான இந்த அளவு 11.66 கிராம் ஆகும். இந்தியாவில் பொன் வணிகத்தில் மட்டுமே ஓரளவு எஞ்சியுள்ள தோலா, அரபு அத்தர்க் கடைகளில் உயிருடன் இருப்பது வியப்புக்குரியது. ஒரு தோலா எண்ணெய்க்கு ஏறத்தாழ 10,000 முதல் 12,000 பூக்கள் தேவை. ஒரு பூ இரண்டரைக் கிராம் எனக் கொண்டால், முப்பது கிலோ பூவுக்கு ஒரு தோலா. வேறு வகையில் சொன்னால் பத்தாயிரம் பங்கு பூவில் நான்கு பங்கு எண்ணெய். ஒரு தோலாவின் விலை பல நூறு அமெரிக்க டாலர் என்பதற்கு இக்கணக்கே காரணம்.

வேதியியல்

ரோஜா எண்ணெயில் முந்நூறுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் இனங்காணப்பட்டுள்ளன. அளவில் மிகுதியானவை சிட்ரோனெல்லால், ஜெரானியால், நெரால் ஆகிய ஆல்ககால்கள். இவற்றுடன் நோனாடெக்கேன் போன்ற மணமற்ற மெழுகுப் பொருட்களும் உள்ளன. தூய ரோஜா எண்ணெய் 20 பாகைக்கு அருகில் உறையத் தொடங்குவது இம்மெழுகினால்தான். குப்பியைக் குளிரில் வைத்து உறைகிறதா எனப் பார்ப்பது வணிகர்களின் பழைய சோதனை. ஆனால் மெழுகைத் தனியே சேர்த்து ஏமாற்ற முடியும் என்பதால் இதனை மட்டும் நம்ப முடியாது.

மணத்தைத் தீர்மானிப்பது அளவு மட்டுமன்று. எண்ணெயில் நூற்றுக்கு 38 பங்கு வரை இருக்கும் சிட்ரோனெல்லாலைவிட, 0.14 பங்கே உள்ள பீட்டா-டமாசினோன் என்ற சேர்மம் மணத்திற்குப் பெரும்பங்களிப்பதாக மணவேதியியலாளர்கள் கணித்துள்ளனர். மனித மூக்கு இச்சேர்மத்தை நூறு கோடியில் ஒரு பங்குக்கும் மிகக் குறைந்த செறிவிலேயே உணர்ந்துவிடும். 1960களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் ஃபிர்மனிச் நிறுவன ஆய்வாளர்கள் பல்கேரிய ரோஜா எண்ணெயிலிருந்து இதனைக் கண்டறிந்தனர். இதன் பெரும்பகுதி பூவில் அப்படியே இருப்பதில்லை. இதழிலுள்ள முன்பொருட்கள் பானையின் வெப்பத்தில் மாறும்போது உண்டாகிறது.

மறுபுறம், பூவை முகரும்போது நாம் உணரும் மென்மையான தேன்போன்ற மணத்திற்குக் காரணமான பினைல்எத்தில் ஆல்ககால் நீரில் நன்கு கரையும். எனவே வடிக்கும்போது பெரும்பாலும் பன்னீருடன் போய்விடுகிறது. கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கும் ரோஜாச் சாற்றில் பாதிக்கும் மேலாக உள்ள இச்சேர்மம், வடித்த எண்ணெயில் சில விழுக்காடே காணப்படும். ஆகவே அத்தரின் மணம் பூவின் மணம் அன்று. மிளகின் காரமும், தேயிலை, எலுமிச்சையின் சாயலும் கொண்டதாகத் தாயிப் எண்ணெயின் மணம் விவரிக்கப்படுகிறது. முதன்முறை முகர்பவர்கள் சிலருக்கு இது ரோஜாவாகவே தோன்றுவதில்லை.

பயன்பாடு

மக்காவிலுள்ள காபாவைக் கழுவும் சடங்கில் ஸம்ஸம் நீருடன் ரோஜா நீர் கலக்கப்படுகிறது. சுவர்களுக்குத் தாயிப் ரோஜா எண்ணெயும் அகில் எண்ணெயும் பூசப்படுகின்றன. ஹஜ், உம்றாப் பயணிகள் ஊர் திரும்பும்போது அத்தர்க் குப்பிகளை வாங்கிச் செல்வது வழக்கம். அரபு வீடுகளில் விருந்தினருக்கு அத்தர் தொட்டுக் கொடுப்பதும், அகில் புகை காட்டுவதும் விருந்தோம்பலின் பகுதி. இனிப்புகள், தேநீர் ஆகியவற்றிலும் ரோஜா நீர் சேர்க்கப்படுகிறது. தாயிபில் ஆண்டுதோறும் ரோஜா விழா நடத்தப்படுகிறது.

எரிசாராயம் சேராதது என்பதால் முஸ்லிம்கள் பலர் அத்தரை விரும்புகின்றனர். எனினும் எரிசாராயம் கலந்த வாசனைத் திரவியங்களைப் பூசுவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வளைகுடா நாடுகளில் இரண்டும் தாராளமாக விற்பனையாகின்றன.

புதிய கலவைகள்

அரபு நறுமண மரபில் கலவை அத்தருக்கு "முகல்லத்" என்று பெயர். ரோஜாவும் அகிலும் அதன் இரு தூண்கள். அரபில் "ஊத்" எனப்படும் அகில் கனமான, மரமும் தோலும் புகையும் கலந்த மணமுடையது. ஊதுபத்தி என்ற தமிழ்ச் சொல்லின் முற்பகுதியும் இதுவே என்பர். ரோஜாவின் கூர்மையான மேல்மணத்தை அகில் நெடுநேரம் தாங்கிப்பிடிக்கிறது; அகிலின் முரட்டுத்தன்மையை ரோஜா தணிக்கிறது.

ஓமானில் 1983இல் தொடங்கப்பட்ட அமுவாஜ் நிறுவனம் அரபு மூலப்பொருட்களைப் பிரெஞ்சு முறையில் கலந்து விற்பதில் முன்னோடியாக விளங்கியது. 2002இல் ஈவ் செயின்ட் லாரன்ட் வெளியிட்ட எம்7 அகில் மணத்தை மேலைநாட்டுக் கடைகளுக்கு அறிமுகம் செய்தது. முதலில் அது நன்கு விற்பனையாகவில்லை. லண்டனைச் சேர்ந்த ஆர்மண்ட் ஜேன் நிறுவனம் 2004இல் "தாயிப்" என்ற பெயரிலேயே ஒரு நறுமணத்தை வெளியிட்டது. பாரிஸ் நகரின் மோந்தால் நிறுவனத்தின் "பிளாக் ஊத்" (2006) ரோஜா–அகில் இணையைப் பரவலாக்கியது. பின்னர் ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களும் இந்த இணையைக் கையாண்டன.

இனிப்பு மணம் வேறு திசையிலிருந்து வந்தது. 1992இல் தியரி முக்ளர் வெளியிட்ட "ஏஞ்சல்" என்ற நறுமணத்தில் பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்ட்டால் என்ற செயற்கைச் சேர்மம் துணிவாகப் பயன்படுத்தப்பட்டது. அதன் வெற்றிக்குப் பின் தின்பண்ட மணங்கள் தனி வகையாகவே வளர்ந்தன. இன்று துபாயிலும் ரியாத்திலும் விற்கப்படும் ரோஜா நறுமணங்கள் பலவற்றில் மேலே லிச்சி, ராஸ்பெர்ரி போன்ற பழ மணங்களும், நடுவே ரோஜாவும், அடியில் வெனிலா, அம்பர், அகில் ஆகியனவும் அமைகின்றன. இளைய தலைமுறையினரின் விருப்பம் இதற்கு ஒரு காரணம். விலை மற்றொரு காரணம்: தாயிப் எண்ணெயின் காரத்தையும் ஆழத்தையும் மலிவாக உருவாக்குவது கடினம், இனிப்பான ரோஜாவை உருவாக்குவது எளிது.

தூய்மையும் கட்டுப்பாடுகளும்

"தாயிப் ரோஜா" எனப் பெயரிட்ட எல்லாக் குப்பிகளிலும் தாயிப் எண்ணெய் இருப்பதில்லை. சில ரியாலுக்கோ டாலருக்கோ கிடைக்கும் குப்பியில் அது இருக்கவே இயலாது என்பதை மேற்கண்ட கணக்கு காட்டும். பினைல்எத்தில் ஆல்ககால், சிட்ரோனெல்லால், ஜெரானியால் மூன்றையும் தொழிற்சாலையில் உருவாக்கிக் கலந்தாலே ரோஜாவை நினைவூட்டும் மணம் கிடைத்துவிடும். இதனை நறுமணக் கலைஞரின் உரிமையாகக் கொள்ளலாம்; ஆனால் அத்தகைய கலவையைத் தூய அத்தர் என்று விற்பது ஏமாற்று. இதனால் நேரடியாகப் பாதிக்கப்படுவோர் நாற்பது நாள் விளைச்சலை நம்பியிருக்கும் மலைத் தோட்டக்காரர்களே.

கலப்படத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. ஜெரானியால் நிறைந்த ரூசாப் புல் எண்ணெய் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாயிலிருந்து செங்கடல் துறைமுகங்கள் வழியாகக் கான்ஸ்டான்டினோபிளுக்குச் சென்று, அங்கு ரோஜா எண்ணெயில் கலக்கப்பட்டது. இன்று வளிம நிறப்பிரிகை மூலம் இத்தகைய கலப்படங்களைக் கண்டறியலாம். ரோஜாவில் இயற்கையாக உள்ள சிட்ரோனெல்லால் இடஞ்சுழி வடிவமே. சாதாரணத் தொழிற்சாலைத் தயாரிப்பில் வலஞ்சுழி, இடஞ்சுழி இரண்டும் கலந்திருக்கும். ரோஜா எண்ணெய்க்கான பன்னாட்டுத் தர அளவீடு ஐஎஸ்ஓ 9842 முதன்மைக் கூறுகள் இருக்கவேண்டிய வரம்புகளைத் தருகிறது.

தூய எண்ணெய்க்கே ஒரு தடையும் உண்டு. ரோஜா எண்ணெயில் இயற்கையாகவே சிறிதளவு மெத்தில் யூஜினால் உள்ளது. விலங்குகளில் மிகுந்த அளவில் கொடுத்துச் செய்த சோதனைகளில் இச்சேர்மம் புற்றுநோயை உண்டாக்கியதால், ஐரோப்பிய ஒன்றியம் அடர்ந்த நறுமணப் பொருட்களில் இதன் அளவை 0.01 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியுள்ளது. எனவே ஐரோப்பாவில் விற்கப்படும் ஒரு குப்பியில் எவ்வளவு செலவழிக்க முன்வந்தாலும் ஓர் எல்லைக்கு மேல் இயற்கை ரோஜா எண்ணெயைச் சேர்க்க முடியாது. மெத்தில் யூஜினாலைப் பிரித்து நீக்கிய ரோஜா எண்ணெய்களும் சந்தையில் கிடைக்கின்றன. ஒரு துளியைத் தோலில் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும் அரபு வழக்கத்திற்கும் இந்தச் சட்ட வரம்புக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.